தூக்கின கை

உங்களை இல்லம்மா. இவரு உங்களைக் கூப்பிடல. நீங்க உட்காருங்க. கையைத் தூக்கினதும் தண்ணி கேக்கறாரோ, ஜன்னலைச் சாத்தச் சொல்றாரோன்னு நீங்க பாவம் எழுந்தே வந்துட்டீங்க. ஒண்ணுமில்ல. இவரு அப்படித்தான் தூக்குவாரு. கொஞ்ச நேரம் வெச்சிக்கினு இருந்துட்டுத் தானா எறக்கிடுவாரு. பெரம்பூர்ல ஒரு சமோசாக்காரன் ஆர்டர்னு நெனச்சிக்கினு வந்து நின்னுட்டான். வந்தவனை எப்படி அனுப்பறதுன்னு வாங்கித் தொலைச்சேன். எடுத்துக்கோங்க, ஆறித்தான் போச்சு. பரவால்ல, எடுத்துக்கோங்க.

எங்க வூட்டுக்காரரு. தசரதன்னு பேரு. மிலிட்டரில ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, பீரங்கிப் படை. என் பேரு பூங்காவனம். நாங்க குடியாத்தத்துல எறங்கணும். நீங்க காட்பாடியா? அப்ப எங்களுக்கு முன்னாடி. சோளிங்கர் தாண்டிட்டோம் இல்ல? வழில திருவலத்துப் பாலம் வருமே, அது வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. பேச்சுல விட்டுருவேன். எனக்கு அங்க ஒரு வேலை இருக்குது.

இன்னைக்கு போர்டுக்குப் போயிட்டு வரோம். போர்டுன்னா மிலிட்டரி ஆஸ்பத்திரில டாக்டருங்க உட்கார்ந்து, இந்த ஆளுக்கு உடம்புல இன்னா கோளாறு, அது பட்டாளத்துல வந்துதா இல்ல வயசாகி அதுவா வந்துதான்னு பார்த்து எழுதறது. பட்டாளத்துல வந்துதுன்னு எழுதினா, இருக்கற பென்ஷனோட ஊனத்துக்குன்னு தனியா ஒரு பென்ஷன் சேரும். எங்க தெருவுலயே ஒருத்தர் முட்டி போயிடுச்சுன்னு வாங்கறாரு. காலைல போய்ப் பாருங்க, ஸ்கூல் கிரவுண்டுல எகிறி எகிறி ஷட்டில் ஆடிக்கினு இருப்பாரு. அவருக்குக் குடுத்தாங்க. எங்களுக்கு இல்ல. இது மூணாவது போர்டு. இதுக்கு மேல போர்டே கெடையாதாம்.

இவருக்கு இடது காதும்மா. நான் இப்ப இவருக்கு இடது பக்கமாத்தான் உட்கார்ந்திருக்கேன். அதனால தாராளமா பேசலாம், இவருக்கு ஒண்ணும் விழாது.

காது போகாம என்னா பண்ணும் சொல்லுங்க. இவரு அடிச்ச பீரங்கி அப்படி. அது வெடிக்கறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து வெச்சிக்கணுமாம், இல்லைன்னா காதுல போய் அறையுமாம். அந்தப் பழக்கம் இன்னும் போகல. குக்கர் விசில் அடிக்கறதுக்கு முன்னாடி இவரு ஹால்ல உட்கார்ந்துக்கினு வாயைத் திறந்துடுவாரு. அடுப்பாண்ட நிக்கற எனக்கே தெரியாது. இவரு வாய் திறந்தா விசில் வரப்போவுதுன்னு அர்த்தம். கொசு போயிடப் போவுது மூடுங்கன்னு நான் கேலி பண்ணுவேன். தீபாவளிக்கு நாள் பூரா திறந்துக்கினே இருப்பாரு. எங்க ஹேமா, அதான் எங்க பொண்ணு, ஹேமாவதி, அன்னைக்கெல்லாம் வாசல் கதவைச் சாத்திட்டு டிவியைப் பெருசா வெச்சிடுவா.

குக்கர் சத்தம் கேக்குதே, அப்புறம் என்ன செவிடுன்னு நீங்க நினைக்கறது எனக்குப் புரியுது. அது வலது காதுல கேக்கறதும்மா. வேற எப்படி?

இதெல்லாம் இந்த ததேயுஸ் விஷயத்துக்கு அப்பாலதான் ஆரம்பிச்சது. ததேயுஸ்னா இவரோட பீரங்கில இருந்த பையன். கன்னியாகுமரிப் பக்கம், கடலோரத்துல வூடு. நாங்க குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப ஞாயித்துக்கெழமை ஆனா வந்துடுவான். அண்ணி அண்ணின்னு உயிரை விடுவான். லீவுக்குப் போயிட்டு வந்தா நெத்திலிக் கருவாடு ஒரு மூட்டை. பக்கத்து வூட்டு பஞ்சாபிக்காரி மூக்கை மூடிக்கினு சண்டைக்கு வருவா. அவன் தொண்டை இருக்குதே! அலைல கத்திப் பேசிப் பழகின தொண்டை. அவன் தெருமுனைல திரும்பறப்பவே "அண்ணீ"ன்னு ஒரு சத்தம் குடுப்பான், நான் இங்க ஒலையில அரிசி கூடப் போடுவேன். மெதுவா பேசுடான்னா, இதுதான் அண்ணி எனக்கு மெதுன்னு சொல்லுவான்.

அவன் செத்துட்டான்.

ராஜஸ்தான்ல, மணல்காட்டுல, பயிற்சிக்குப் போன எடத்துல. சண்டை கிண்டை ஒண்ணுமில்ல. ஒரு பீரங்கின்னா அதுக்கு ஏழெட்டுப் பேர் இருப்பாங்களாம், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நம்பர். நம்பர் ஒண்ணுதான் பெரியவன். அது இவரு. இவரு பக்கத்துல நின்னுக்கினு கையைத் தூக்கிப் பிடிப்பாரு. தூக்கியிருக்கற வரைக்கும் வெடிக்கக் கூடாது, கையைக் கீழ போட்டா வெடிக்கும். ஆனா ஒரு சட்டம் இருக்குதாம். ஏதாச்சும் தப்புன்னு பட்டா, கடைசி நம்பர் சிப்பாய் கூட ஸ்டாப்னு கத்தலாமாம். யாரு கத்தினாலும் சரி, அது காதுல விழுந்தா நம்பர் ஒண்ணு தூக்கின கையை எறக்கக் கூடாது. அப்படியே நிக்கணும்.

பீரங்கி வெடிச்சா அதோட குழாய் பின்னால எகிறும். அதனால பின்னாடி ஆள் நிக்கக் கூடாது. இவன் என்னமோ சாமான் கீழ விழுந்துச்சுன்னு எடுக்கக் குனிஞ்சிருக்கான், சரியா அந்த எடத்துல. நிமிர்ந்து பார்த்தா இவரு கை மேல இருக்குது. ஸ்டாப்னு கத்தியிருக்கான். அந்தத் தொண்டைல. மத்த எல்லாருக்கும் கேட்டுதாம்மா. பக்கத்துப் பீரங்கில நின்னவனுக்கும் கேட்டுதாம். இவருக்குக் கேக்கல. கையைப் போட்டுட்டாரு.

அப்பால விசாரணை நடந்துச்சு. காத்து, மணலு, சத்தம், ஆக்சிடென்ட்டுன்னு எழுதி முடிச்சிட்டாங்க. ஒருத்தரும் இவரைக் குத்தமா ஒரு வார்த்தை சொல்லல, மேல இருக்கறவங்களும் சொல்லல, கூட இருந்தவங்களும் சொல்லல. முடிஞ்சு போன விஷயம். அதை விடுங்க, நான் காது கதைக்கு வரேன்.

ரிட்டயர் ஆன வருஷம், ததேயுஸோட அம்மாவைப் போய்ப் பார்க்கணும்னாரு. போனோம். கடலை ஒட்டி வூடு, வாசல்ல வலை காயுது. அந்தம்மா கறுப்பா ஒல்லியா, வாசல்ல வந்து இவரு ரெண்டு கையையும் பிடிச்சிக்கிச்சு. அழல. சாப்பாடு போட்டுச்சு, மீன் கொழம்பு. இவரு சாப்பிட்டுக்கினு இருக்கறப்ப கேட்டுச்சு: "கடைசியா எம்பிள்ள என்னமும் சொன்னானா மக்களே?" அவ்வளவுதான். பெத்தவ கேக்கத்தானே செய்வா. இவரு கையில சோத்தை வெச்சிக்கினு அப்படியே இருந்தாரு. எனக்கே கோவம் வந்துச்சு, ஏதாச்சும் சொல்லுங்களேன், உங்களைத்தாம்மா நெனச்சான்னு சொன்னா என்னா கொறைஞ்சிடுவீங்கன்னு. கடைசில, "எனக்குக் கேக்கலம்மா"ன்னாரு.

அந்தம்மா அதை வேற மாதிரி எடுத்துக்கிச்சு. தான் கேட்ட கேள்வி இவரு காதுல விழலைன்னு நெனச்சிக்கிச்சு. எழுந்து வந்து, இதோ இந்த இடது பக்கமா குனிஞ்சு, காதோரமா சத்தம் போட்டு, "பீரங்கிச் சத்தத்துல காது போச்சா மக்களே?"ன்னு கேட்டுச்சு. இவரு அந்தம்மா மூஞ்சியைப் பார்த்தாரு. தலையை ஆட்டினாரு, ஆமான்னு. அப்பால நாங்க கிளம்பற வரைக்கும் அது இவருக்கிட்ட சத்தமாவே பேசிச்சு. பஸ் ஏத்தி விடறப்ப கூட, "காதைக் காட்டி வைத்தியம் பாரு மக்களே"ன்னு எட்டூருக்குக் கேக்கற மாதிரி கத்திச்சு. ததேயுஸுக்கு அந்தத் தொண்டை எங்கேர்ந்து வந்துச்சுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையா காதுக்கு மனு போட்டாரு. எனக்கு ஒரே சந்தோஷம். ரிட்டயர் ஆகறப்ப வாய்மூடிக்கினு எல்லாம் நல்லா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்த மனுஷன், இப்பயாச்சும் புத்தி வந்து தனக்குச் சேர வேண்டியதைக் கேக்கறாரேன்னு.

முதல் போர்டுல காது நல்லா இருக்குதுன்னு எழுதிட்டாங்க. கண்ணாடி போட்ட சின்ன ரூமு, அதுக்குள்ள உட்கார வெச்சு, காதுல ஒரு சாமானை மாட்டி, சத்தம் குடுப்பாங்க. கேட்டா கையைத் தூக்கணும். சத்தத்தைக் கொறைச்சிக்கினே வருவாங்க, எதுவரைக்கும் தூக்கறோமோ அதுவரைக்கும் காது இருக்குதுன்னு கணக்கு. இவரு கடைசி வரைக்கும் தூக்கியிருக்காரு. இடது காதுல! வெளிய வந்து, ஆஸ்பத்திரி வாசல்ல வேப்பமரத்தைப் பிடிச்சிக்கினு அழுதாரும்மா. ஆம்பளை, மிலிட்டரிக்காரரு, நாலு பேரு பாக்க. அந்தப் பணம் இல்லைன்னா நாம செத்தா போயிடுவோம்னு தட்டிக் குடுத்து இட்டுக்கினு வந்தேன். ரெண்டாவது போர்டும் அதே கதைதான். அதே வேப்பமரம்.

நடுவுல வூட்ல ஒரு கூத்து. சாயந்திரம் ஆனா ஹேமாவைக் கூப்பிடுவாரு. தோட்டத்துல இவரு செவுத்தைப் பார்த்துக்கினு கையைத் தூக்கி நிப்பாரு. அவ பின்னாடி கெணத்தாண்ட போய் நின்னுக்கினு ஸ்டாப்னு சொல்லணும். கேட்டா கையை அப்படியே வெச்சிருப்பாரு, கேக்கலைன்னா கீழ போடுவாரு. அவ சொல்லுவா, இவரு கை எறங்காது. தள்ளிப் போன்னுவாரு. அவ தள்ளிப் போய்ச் சொல்லுவா. கை எறங்காது. "ரொம்பக் கத்தற, மெதுவா சொல்லு"ம்பாரு. அவ மெதுவா சொல்லுவா. அதுக்கும் எறங்காது. அப்ப இவரு மூஞ்சியைப் பார்க்கணுமே. பொண்ணு மேல எரிஞ்சு விழுவாரு, ஏமாத்தறே, கிட்ட வந்து சொல்றேன்னு. அவ ஒரு நாள் அழுதுக்கினு உள்ள வந்துட்டா. இனிமே அந்த வார்த்தையை என் வாயால சொல்ல மாட்டேன்னுட்டா.

அன்னைக்கு என்கிட்ட என்னமோ சொன்னா. "அம்மா, அப்பாவுக்குப் பணம் வேணாம். அந்தக் காது அன்னைக்கே போயிருந்துச்சுன்னு யாராச்சும் ஒருத்தர் சொன்னாப் போதும் அவருக்கு"ன்னு. பணம் வேணாம்னா எதுக்கு மனு போடறாரு? பி.எட். படிச்சிட்டா இல்ல, அதான் எதையாச்சும் பெருசா பேசுவா. நீ போய் மூஞ்சியைக் கழுவுடின்னு அனுப்பிட்டேன்.

இந்த மூணாவது போர்டுக்காச்சும் ஒழுங்கா போகணும்னு நான் கஜபதி சுபேதாரைப் போய்ப் பார்த்தேன். ரிட்டயர் ஆனவரு, எங்க ஊர்ல எல்லாருக்கும் மனு எழுதிக் குடுக்கறது அவருதான். அவரு வூட்டுக்கே வந்து இவருக்குப் பாடம் எடுத்தாரு. "சின்னச் சத்தத்துக்குத் தூக்காதய்யா, கண்ணை மூடிக்கினு இரு, பெருசா வந்தா மட்டும் தூக்கு. எத்தனை பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கேன்"னு. இவரு எல்லாத்தையும் கேட்டுக்கினு காபி குடுத்து அனுப்பிட்டு என்கிட்ட சொல்றாரு: "பொய்யா செவிடாகி எனக்கு இன்னாடி ஆவப்போவுது?" எப்படி இருக்குது பாருங்க! நெசமா போன காதை நெசமா காட்டத் தெரியல, கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்கன்னா அது பொய்யாம். போன மாசம் குமரிலேர்ந்து போன் வந்துச்சு, ததேயுஸோட அம்மா படுத்த படுக்கைன்னு. அதுலேர்ந்து இவருக்குச் சோறு எறங்கல. போர்டு முடியட்டும், பேப்பரோட போய்ப் பார்க்கறேங்கறாரு. சாகக் கெடக்கற பொம்பளைக்கு இவரு காதுப் பேப்பர் எதுக்குன்னு நான் கேட்டேன்.

இவரு ஒழுங்கா பண்ண மாட்டாருன்னு எனக்குத் தெரியும். ஆனா இன்னைக்குக் கடவுளா பார்த்து எனக்கு ஒரு வழி விட்டாரு. அதை எப்படிச் சொல்றது போங்க.

முதல்ல அந்தக் கீய்ங் கீய்ங் சத்தம் வெச்சாங்க. எல்லாத்துக்கும் தூக்கிட்டாரு. அப்பால வார்த்தை சொல்லிப் பார்க்கணுமாம். மெஷின் ஓட்டறவன் இந்திக்காரன், தமிழ் தெரியாது. தமிழ் வார்த்தை இருக்கற கேசட்டோ என்னமோ ஓடல. டாக்டரம்மா திருநெல்வேலிப் பொண்ணு, மேஜரு, ஆனா என் பொண்ணு மாதிரி சின்ன மூஞ்சி. அது என்னைக் கூப்பிட்டு, "அம்மா, நீங்க இந்த மைக்குல ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்க. இலை, பழம், வீடு, எது வேணும்னாலும். அவங்களுக்குப் பழகின குரலு, நல்லதுதான். கேட்டா கையைத் தூக்கட்டும்"னுச்சு. வாயைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு இவரைச் செவுத்துப் பக்கமா திருப்பி உட்கார வெச்சாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவரு முதுகும் பின்னந்தலையும்தான் எனக்குத் தெரியுது. சட்டைக் காலர் மடிஞ்சிருந்துச்சு. சரி பண்ணி விட்டிருக்கலாம்னு தோணுச்சு.

இலைன்னேன். தூக்கினாரு. பழம்னேன். தூக்கினாரு. இந்திக்காரன் குமிழைத் திருகித் திருகிக் கொறைக்கறான், இவரு தூக்கிக்கினே இருக்காரு. அப்ப டாக்டரம்மாவுக்குப் போன் வந்து வெளிய போச்சு. இந்திக்காரன் குமிழைப் பார்க்கறதும் இவரு கையைப் பார்க்கறதுமா இருக்கான், என்னைப் பார்க்கல. எனக்கு சட்டுனு தோணுச்சு. நான் வாயை மட்டும் அசைச்சா? சத்தமே விடாம? இவருக்குக் கேக்காது. கை எழும்பாது. செவிடுன்னு எழுதிடுவாங்க. இவரும் பொய் சொன்ன பாவத்துக்கு ஆளாக மாட்டாரு. பாவம் என்னோட போகட்டும்.

அசைச்சேம்மா. வெறும் வாயை. மூச்சுகூட விடல.

இவரு கையைத் தூக்கினாரு.

எதேச்சையா தூக்கியிருப்பாருன்னு மறுபடியும் அசைச்சேன். தூக்கினாரு. அப்பால நான் வாயையே இறுக்கி மூடிக்கினேன். சேலைத் தலைப்பால பொத்திக்கினேன். தூக்கினாரு. முதல்ல தூக்கினது சாதாரணமா, ஸ்கூல் பசங்க தூக்கற மாதிரி. இது அப்படி இல்ல. வெறப்பா, மேல, அப்படியே நிக்குது. அந்த ரூம்ல சத்தமே கெடையாது பாருங்க, செவுரெல்லாம் பஞ்சு வெச்சு அடைச்சிருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவரு கை மட்டும் நிக்குது.

திரும்பினா டாக்டரம்மா எனக்குப் பின்னாடி நிக்குது. எப்ப வந்துச்சோ. "இப்ப என்னம்மா வார்த்தை சொன்னீங்க?"ன்னு கேட்டுச்சு. வீடுன்னு சொன்னேன்னேன். அது கதவைத் திறந்துக்கினு உள்ள போய், இவரு பக்கத்துல குனிஞ்சு, "ஐயா, கடைசியா என்ன கேட்டுச்சு உங்களுக்கு?"ன்னுச்சு. இவரு செவுத்தைப் பார்த்தபடியே சொன்னாரு. "ஸ்டாப்."

நான் அந்த வார்த்தையே சொல்லலைம்மா. சத்தியமா சொல்லல.

நான் டாக்டரம்மாகிட்ட சொன்னேன், இதுல ஒண்ணும் அதிசயம் இல்லைங்க, கல்யாணமான நாள்லேர்ந்து என் வாய்க்கு முன்னாடி இருக்கற மனுஷன், நான் வாயைத் திறக்கறது அவரு முதுகுக்கே தெரியும்னு. இந்திக்காரன் கூட சிரிச்சான், என்னா புரிஞ்சுதோ அவனுக்கு. அந்தப் பொண்ணு சிரிக்கல. என்னை வராண்டாவுல உட்கார வெச்சு, தானும் பக்கத்துல உட்கார்ந்து, என் கையைப் பிடிச்சிக்கினு சொல்லுது: "அம்மா, ஐயாவுக்குக் காதுல ஒரு குறையும் இல்ல. நான் பொய்யா எழுத முடியாது. ஆனா அவருக்குப் பட்டாளத்துல அடி பட்டிருக்கு. அது வேற எடத்துல. அதுக்கு இங்கேயே வேற டாக்டர் இருக்காங்க. திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. அவங்க பார்த்து எழுதினா பென்ஷனும் வரும், அதைவிட ஐயா கொஞ்சம் தூங்குவாங்க." ஒரு சீட்டுல டாக்டர் பேரு எழுதிக் குடுத்துச்சு.

வேற டாக்டர்னா எந்த டாக்டர்னு எனக்குத் தெரியாதா? நான் குவார்ட்டர்ஸ்ல இருந்தவ. அந்த வார்டுக்கு எந்தப் பக்கம் ஜன்னல்ல கம்பி போட்டிருக்கும்னு எனக்குத் தெரியும்.

நீங்களே சொல்லுங்கம்மா. ஹேமாவுக்கு ஆரணிலேர்ந்து ஒரு எடம் வந்திருக்குது. பையன் வாத்தியார். வர்ற வெள்ளிக்கெழமை பார்க்க வராங்க. பொண்ணோட அப்பாவுக்குக் காது கேக்காதுன்னா, பாவம் பீரங்கில போயிடுச்சுன்னு மரியாதையாத்தான் நினைப்பாங்க. மனசுக்கு வைத்தியம் பார்க்கறாருன்னு தெரிஞ்சா? வந்த கார்லயே திரும்பிப் போயிடுவாங்க. அதனாலதான் வருஷக்கணக்கா காது காதுன்னு ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன். யாராச்சும் இவரு கையைப் பார்த்துக் கேட்டா, காது மந்தம், யாரோ கூப்பிடறாங்கன்னு நெனச்சிக்கறாருன்னு சொல்லுவேன். உங்ககிட்டயும் அதான் சொல்லியிருக்கணும். நீங்க முன்பின் தெரியாதவங்க, காட்பாடில எறங்கிப் போயிடுவீங்க, அதான் கொட்டறேன்.

அந்தச் சீட்டு தோ, இந்தப் பைல, டிபன் டப்பாக்கு அடில வெச்சிருக்கேன். திருவலத்துப் பாலம் வந்ததும் ஆத்துல விட்டுடலாம்னு. ஆஸ்பத்திரில கிழிச்சுப் போட மனசு வரல, நல்ல பொண்ணு, பாவம். வூட்டுக்குக் கொண்டுபோனா ஹேமா பார்த்துடுவா. அவ பார்த்தா திங்கக்கிழமை விடியறதுக்கு முன்னாடி இவரை இட்டுக்கினு கிளம்பிடுவா.

இன்னைக்கு இவரு வேப்பமரத்தாண்ட அழலைம்மா. அதான் எனக்கு என்னமோ மாதிரி இருக்குது. நல்லா அழட்டும்னு நானும் நின்னேன். இவரு மரத்தைப் பார்க்கவே இல்ல. நேரா நடந்து வந்து ஆட்டோல உட்கார்ந்துட்டாரு. "நல்ல காதாமா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு. ஆமாங்கன்னேன். அதுலேர்ந்து கை மட்டும் எழும்பிக்கினே இருக்குது. முன்ன எப்பவாச்சும் ஒருதடவை தூக்குவாரு. இன்னைக்கு சென்ட்ரல்லேர்ந்து எத்தனை தடவைன்னு நான் பார்க்கறதையே விட்டுட்டேன்.

பாலமா? வந்துடுச்சா? இருங்க, டப்பாவை எடுக்கறேன். இந்தச் சீட்டு எங்க ஒட்டிக்கிச்சு... தோ. பாருங்க, இவரு வாயைத் திறந்துட்டாரு பாருங்க. பாலத்துல வண்டி ஏறப் போவுதுன்னு அர்த்தம். நான் சொல்லல? கொஞ்சம் நகருங்கம்மா, ஜன்னல் வழியா...

என்னங்க. ஏங்க. கையை எறக்குங்க. நான் கையை வெளிய விடணும். கொஞ்சம் எறக்குங்களேன். அம்மா, நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா இப்ப? நானும் ஒண்ணும் சொல்லல. இந்தச் சத்தத்துல சொன்னாலும் யாருக்குக் கேக்கும்? எவ்வளவு வெறப்பா இருக்குது பாருங்க, இரும்பு மாதிரி. மடங்கவே மாட்டேங்குது. ஏங்க, என்னைப் பாருங்க. நான்தான், பூங்காவனம். யாருங்க? யாரு கூப்பிடறாங்க?

என்னா சொன்னீங்க?

ததேயுஸா?

ஏங்க... அவன் இன்னா சொல்றான்?

சரி. சரிங்க. கேட்டுச்சுதானே? உங்களுக்குக் கேட்டுச்சு இல்ல? நல்லா கேட்டுச்சா? சரி. கேட்டுச்சுன்னா போதும், இப்ப கையை எறக்குங்க.

கேட்டீங்களாம்மா இவரு சொன்னதை? எறக்கினா வெடிச்சிடுமாம். அவன் இன்னும் பின்னாடிதான் நிக்கறானாம்.

இவ்வளவு நாளும் அதுக்குத்தான் தூக்கினீங்களா? ஐயோ சாமி. குக்கர் முன்னாடி, சாமி ரூம்ல, பஸ்ஸுல, அவனுக்குத்தான் தூக்கிக்கினே இருந்தீங்களா? நான் கையைப் பிடிச்சுப் பிடிச்சு எறக்கி விட்டுட்டேனேங்க. நாலு பேரு பாக்கறாங்கன்னு நான் எறக்கி எறக்கி விட்டேனே.

எறக்க வேணாம். எறக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். முழங்கையை என் தோள் மேல சாய்ச்சு வெச்சிக்கோங்க, வலிக்காது. நான் பிடிச்சிக்கறேன். நீங்க தளர்ந்தாலும் நான் விட மாட்டேன். ஒண்ணும் வெடிக்காது.

பாலம் போயிடுச்சா? போவட்டும். இந்தச் சீட்டைக் கொஞ்சம் வாங்கி டப்பாக்குள்ளயே வெச்சு மூடிடுங்கம்மா, என் கை ரெண்டும் இங்க இருக்குது. நனைஞ்சிடாம வைங்க, பேரு அழிஞ்சிடப் போவுது, திங்கக்கிழமைக்கு வேணும். ஆரணிக்காரங்க வந்தா வரட்டும்.

உங்க ஊரு வந்துடுச்சு, கிளம்புங்க. சமோசாவைக் கையில எடுத்துக்கோங்க. ஒரே ஒரு ஒத்தாசை. காட்பாடில நெறைய பேரு ஏறுவாங்க. எறங்கறப்ப வாசல்ல நிக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, அந்த ஜன்னலாண்ட ஒருத்தர் கையைத் தூக்கிக்கினு இருக்காரு, அவரு உங்களைக் கூப்பிடலைன்னு.